கை நனைத்த வீடு

காரைக்குடி
ஜூன், 1973

என் தாயி வள்ளிக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற மகளுக்குத் தபால் எழுதுகிற அப்பன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்ன செய்வது? நேரில் பேச வந்தால் நீ "சரிப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பெட்டி அடுக்கப் போய்விடுகிறாய். அந்தச் "சரிப்பா"வுக்கு இரண்டு திட்டு திட்டினாலாவது பரவாயில்லை. அதனால்தான் இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் மேஜைமேல் ஒரு கூஜாவை வைத்து, பார்த்து வரையுங்கள் என்று சொல்லிவிட்டு, டிராயிங் ரூமின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சாயங்காலம் உன் கையில் தருவேன். நடுவில் எழுந்து போகாமல் கடைசி வரைக்கும் படி, அது போதும்.

நீ உன் அம்மாவிடம் பேசி நாளாகிறது. அவள் தட்டை வைத்தால் சாப்பிடுகிறாய், தலைக்கு எண்ணெய் வைத்தால் உட்கார்ந்திருக்கிறாய், ஆனால் பேச்சு மட்டும் இல்லை. நாங்கள் இரண்டு பல்கலைக்கழகத்தையும் பார்த்துவிட்டு வந்து இறங்கிய அன்று, ரோட்டோரத்துப் பல்கலைக்கழகம்தான் என்று அவள் சொன்னதும் நீ ஒரு வார்த்தை சொன்னாய். "மரம் இருந்தா அம்மாவுக்கு ஆகாதே" என்றாய். அம்மை இறங்கி முதல் தண்ணீர் ஊற்றிய உடம்பு, வெடுக்கென்று பேசத்தான் செய்யும் என்று நான் விட்டுவிட்டேன். அவளும் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் அந்த வார்த்தை அவளுக்கு எங்கே போய்ப் பட்டது என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாமல் நீ பெட்டியோடு பஸ் ஏறிவிடக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

இரண்டு இடமும் நாடே அறிந்த இடம். இரண்டிலும் எம்.எஸ்ஸி. தாவரவியலுக்கு உனக்கு இடம் கொடுத்துவிட்டார்கள், எதில் சேர்கிறாய் என்று இந்தச் சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். நம் குடும்பத்தில் பி.எஸ்ஸி. தாண்டிய பெண்ணே கிடையாது, அப்படியிருக்க இரண்டு பெரிய இடம் உன்னைக் கூப்பிட்டால் எனக்குத் தலைகால் புரியுமா? இரண்டு பேரும் அனுப்பிய சிறு புத்தகங்களை வைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தேன். ஏரிக்கரையில் இருப்பதன் படங்களைப் பார்த்துப் பார்த்து நீயும் மயங்கினாய், நானும் மயங்கினேன். இன்னொன்றின் புத்தகத்தில் படமே சரியாக இல்லை. இருந்த ஒரு படத்திலும் சிமெண்டுக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு லாரி நின்றது. உன் அம்மா இரண்டு புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பொம்பளப் பிள்ளைக இருக்கிற இடம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். இரண்டிலும் இல்லை. "அப்படின்னா வீடு பாக்கப் போவோம்" என்றாள்.

வீடு பார்ப்பது என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அத்தை மகளுக்குச் சம்பந்தம் பேசியபோது ஒரு வேன் நிறைய ஆட்கள் போய், மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்து, மாட்டுக் கொட்டகையில் நுழைந்து பார்த்து வந்ததை நீயே கேலி பண்ணியிருக்கிறாய். அப்படிப் போகிற வீட்டில் பேச்சு முடிகிறவரை சாப்பிட மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொன்னால் அது மனுஷர் செய்கிற காரியம் இல்லை. உன் அம்மா ஹாஸ்டலுக்கும் அதே சட்டத்தைத்தான் வைத்துக்கொண்டாள். அம்மை விளையாடிய உடம்போடு உன்னைக் கூட்டிப்போக வழியில்லை. உன் அத்தையை வரவழைத்து உனக்குத் துணைக்கு வைத்துவிட்டு, புளிச்சாதம் கட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ரயில் ஏறினோம். "பொண்ணு குடுக்கத்தான் போறோமா?" என்று நான் சிரித்தேன். "பின்ன? ரெண்டு வருசம் அங்கதான இருக்கப் போறா. பாக்காமக் குடுத்திருவீகளா?" என்று கேட்டாள்.

முதலில் ஏரிக்கரை. வள்ளி, நான் ஒரு டிராயிங் வாத்தியார், அழகான இடத்தைப் பார்த்தால் என் புத்தி எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். வாசலிலிருந்து கட்டடம் வரைக்கும் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் கைகோத்து நிற்கின்றன. நடு வேளையிலும் வெயில் தரையில் சில்லறை சில்லறையாகத்தான் விழுகிறது. கல்லால் கட்டிய மணிக்கூண்டு, அதற்குப் பின்னால் ஏரி, ஏரியில் நாரைகள். தாவரவியல் பாடம் நடக்கிற இடம் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மரமல்லி உள்ளே வருகிறது. மனசுக்குள் உன்னை அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆண்கள் பெண்கள் விடுதிக்குள் போகக் கூடாது, பார்வையாளர் அறையோடு சரி என்று வாட்ச்மேன் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்று நான் ஏரியைப் பார்த்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். உன் அம்மா வார்டன் அம்மாவோடு உள்ளே போனாள்.

அவள் வெகுநேரம் வரவில்லை. பார்வையாளர் அறையில் எனக்குக் காபி கொடுத்தார்கள், குடித்தேன். அந்த நேரம் பார்த்து உன் அம்மா வந்தாள். என் கையிலிருந்த காலி டம்ளரைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. "குடிச்சுப்புட்டீகளா?" என்றாள் மெதுவாக. "காபிதானே, சோறா?" என்றேன். டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "காபிக்குக் கை நனையாது. தப்பிச்சோம், வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவளுக்கு வைத்த காபியை அவள் தொடவில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டுப் போகச் சொன்னார்களாம், அதற்கும் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாளாம். ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து புளிச்சாதத்தைப் பிரித்தோம். உள்ளே என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "அடுத்த வீட்டையும் பாத்துருவோம்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வீட்டைப் பற்றி நான் என்ன சொல்ல? பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, பெரிய பெரிய படிப்பாளிகள் இருக்கிறார்களாம். ஆனால் தீப்பெட்டிகளை நிறுத்தி வைத்த மாதிரி கட்டடங்கள். முன்னால் ரோடு, ரோட்டில் லாரி, லாரிக்குப் பின்னால் புழுதி. நட்டு வைத்த வேப்பங்கன்றுகள் என் இடுப்பு உயரம்கூட இல்லை. வரைவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை, அதையும் வரைந்தால் அது இந்தக் கூஜா மாதிரிதான் வந்தது. இங்கேயும் நான் வெளியே, உன் அம்மா உள்ளே. பசி வந்துவிட்டது. புளிச்சாதம் முந்தின நாளே தீர்ந்துபோயிருந்தது. வாசலில் விற்ற வாழைப்பழத்தை வாங்கித் தின்றுகொண்டு, இவள் சீக்கிரம் வந்தால் ஏரிக்கரையே முடிவு என்று சொல்லி ஊர் போய்ச் சேரலாம் என்று காத்திருந்தேன்.

அவள் வந்தாள். வலது கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். அந்த ஈரக்கையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. "சாப்பிட்டுட்டியா?" என்றேன். "ம். சாம்பார்ல உப்பு இல்ல. முட்டைக்கோசு பரவாயில்ல" என்றாள். உள்ளே நடந்ததைப் பிறகு சொன்னாள். குளியலறை, கக்கூஸ் ஒவ்வொன்றிலும் நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். குழாயைத் திறந்து பார்த்திருக்கிறாள். பகலிலேயே விளக்கைப் போட்டு எரிகிறதா என்று பார்த்திருக்கிறாள். வார்டன் அம்மா கூடவே நடந்து அலுத்துப்போய், "என்னம்மா இப்படிச் சோதனை போடுறீங்க?" என்று கேட்டிருக்கிறார். "பொண்ணு குடுக்கிற வீடுல்லம்மா, பாத்துத்தான குடுக்கணும்" என்று இவள் சொல்ல, அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்து, "எத்தனையோ மருமகளுக இருக்கிற வீடு இது. இன்னொருத்தி வந்தா தாங்க மாட்டோமா? வாங்க, வந்து ஒரு வாய் சாப்பிடுங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார வைத்துவிட்டாராம். உன் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டாள்.

திரும்பி வந்தது பகல் ரயில். எனக்குக் கோபம். ஏரியை வரைந்த தாளை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன், அவள் பார்க்கட்டும் என்றுதான். கடைசியில் கேட்டேவிட்டேன். "அம்புட்டு நல்ல இடத்துல நீ என்ன குறை கண்ட?"

"நீங்க ஏரியப் பாத்தீக. நான் வீட்டப் பாத்தேன்" என்றாள்.

அப்புறம் சொன்னாள். அந்தத் தூங்குமூஞ்சி மரங்களும் மணிக்கூண்டும் முடிகிற இடத்துக்கு அப்பால், யார் கண்ணிலும் படாத மூலையில் பெண்பிள்ளைகள் விடுதி. முன்னே ஏதோ சாமான் போட்டு வைத்திருந்த நீளக் கொட்டகையைத் தடுத்து அறையாக்கியிருக்கிறார்களாம். அறைகள்கூடப் பரவாயில்லை. குளிக்கிற இடமும் கக்கூஸும் ஒரு வெட்டவெளியைத் தாண்டி அங்குட்டு இருக்கிறது. அங்கே இருந்த ஒரே பல்பு எரிந்துபோய் மாற்றுவார் இல்லை. தாழ்ப்பாள் ஒன்றுகூடச் சரியில்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். வார்டன் அம்மா சாவி எடுக்கப் போன நேரத்தில் ஒரு பிள்ளையிடம் இவள் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். உன் வயதுதான் இருக்குமாம், நல்ல கலகலப்பான பிள்ளையாம். "ராத்திரி என்னம்மா பண்ணுவீக?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பழகிப் போச்சுங்கம்மா. பொழுது சாஞ்சா நாங்க யாரும் தண்ணி குடிக்க மாட்டோம்" என்று அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறது.

"அது சிரிச்சுக்கிட்டே சொல்லுது. எனக்குச் சிரிக்க முடியல" என்றாள் உன் அம்மா. நான், பல்புதானே, எழுதிக் கேட்டால் போட மாட்டார்களா என்று ஆரம்பித்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒங்க வீட்டுக்கு வந்து நானும் அப்படித்தான இருந்தேன்" என்றாள்.

"எப்படி?"

"பொழுது சாஞ்சா தண்ணி குடிக்கிறதில்ல."

"எப்ப?"

"எப்பவா? வந்த நாள்ல இருந்து. கொல்லையில கக்கூஸ் கட்டுற வரைக்கும்."

வள்ளி, நான் உன் அம்மாவோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவன். அவளுக்கு எந்தச் சேலை பிடிக்கும், எந்தக் குழம்பு பிடிக்காது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். அத்தனை வருஷம் என் கண் முன்னால் ஒருத்தி தாகத்தோடு படுத்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் அப்போது எல்லா வீட்டுப் பெண்களும் இருட்டின பிறகு கண்மாய்க் கரைக்குக் கூட்டமாகப் போய் வருவார்கள், அப்புறம் விடியுமுன் ஒருமுறை. இடையில் போக முடியாது, பாம்பு பயம், ஆள் பயம். இது எனக்குத் தெரியாததா? தெரியும். அதற்காக அவர்கள் தண்ணீரையே விட்டுவிடுவார்கள் என்பதுதான் தெரியவில்லை. நீ வயிற்றில் இருந்தபோது காரைக்குடி டாக்டரம்மா, "தண்ணி நெறையக் குடிக்கணும்" என்று சொன்னார். இவள் தலையை ஆட்டினாள். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அன்று ரயிலில் அது ஞாபகம் வந்து எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஏரிப் படத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அவளும் வாயைத் திறந்தால் திறந்ததுதான் என்று இன்னும் கொஞ்சம் சொன்னாள். இதுவும் உனக்குப் புதுசாகத்தான் இருக்கும். அவளை எனக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவள் அப்பா ஒக்கூரிலிருந்து நம் வீடு பார்க்க வந்தார். நல்ல சித்திரை வெயில். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தவருக்கு நம் வீட்டு முகப்பைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. நம் வாசல் நிலையைத்தான் உனக்குத் தெரியுமே. யாரோ செட்டியார் வீட்டில் பிரித்து விற்ற தேக்கு நிலையை என் ஐயா வாங்கிப் பொருத்தியது, பிள்ளையார்பட்டிக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஐயா அவரை மாந்தோப்புக்குக் கூட்டிப்போனார். கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். அதற்குள் வீட்டில் கோழிக் குழம்பு தயாராகிவிட்டது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மனுஷர், வாசனையில் மறந்து இலையில் உட்கார்ந்துவிட்டார். ஒக்கூருக்குத் திரும்பியதும் உன் அம்மாச்சி கேட்ட முதல் கேள்வி, "பின்கட்டப் பாத்தீகளா?" என்பதுதான். பார்க்கவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லவும் வழியில்லை. "கை நனைச்சுப்புட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டாராம். உன் அம்மா அப்போது அடுத்த அறையில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

முகப்பை நம்பி வந்தவள் என்பதால்தான் அவள் எங்கே போனாலும் நேரே பின்கட்டுக்குப் போகிறாள். உனக்கும் மரத்துக்கும் அவள் எதிரி என்று நீ நினைப்பதற்கு நம் கொல்லையில் நின்ற அந்த நாவல் மரம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். அதன் கீழ்தான் நீ கூட்டாஞ்சோறு ஆக்குவாய், உதிர்ந்த இலைகளைத் தைத்து எனக்குத் தொப்பி செய்து போடுவாய். அதை வெட்டியபோது நீ அழுது இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தாய். நீ பெரிய மனுஷியாகப் போகிற வருஷம் அது. உன் பெரியப்பா, வீட்டோடு ஒட்டிக் கக்கூஸ் கட்டுவார்களா என்று தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். கிணற்றுக்குப் பக்கத்தில் குழி தோண்டக் கூடாது, மாட்டுக் கொட்டகையை நகர்த்த முடியாது, மிஞ்சியது நாவல் மரம் நின்ற இடம்தான். நான் வழக்கம்போல் யார் பக்கமும் பேசாமல் அந்த மரத்தைப் படம் வரைந்து சுவரில் மாட்டினேன். உன் அம்மா ஒருத்தியாக நின்று கக்கூஸைக் கட்டி முடித்தாள். தனக்காகப் பதினாலு வருஷம் கேட்காததை, உனக்கு என்றதும் ஒரே மாதத்தில் சண்டை போட்டு வாங்கினாள். அதனால்தான் இருட்டின பிறகு ஒரு செம்பு தண்ணீர் குடிக்க யோசிக்க வேண்டும் என்பதே உனக்குத் தெரியாமல் வளர்ந்தாய். வேண்டும் என்றுதான் அப்படி வளர்த்தாள், அதைச் சொல்லிக்காட்டவும் அவளுக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் சொல்லி உன்னை மடக்கி, "ஐயோ அம்மா, ரோட்டோரமே போகிறேன்" என்று சொல்ல வைக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதோடு நான் இன்னும் அழகின் கட்சிதான். அழகு சோம்பேறிகள் சமாசாரம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. காலையில் எழுந்ததும் நல்ல மரத்தைப் பார்க்கிறவன் அன்றைக்குக் கொஞ்சம் நல்லவனாக இருப்பான் என்று நினைக்கிறேன். நீ படிக்கப் போவதும் மரம் செடிகொடிதான். ஏரிக்கரையில் பாடம் ஜன்னல் வழியாக வரும். ரோட்டோரத்தில் பஸ் ஏறி மலைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும், வருஷத்துக்குச் சில தடவை கூட்டிப்போவார்களாம். அங்கே நல்ல தூக்கம் வரும், தாழ்ப்பாள் விழும், விளக்கு எரியும். ஏரிக்கரையில் கண் நிறையும். நான் பார்த்தது பாதி, உன் அம்மா பார்த்தது பாதி. இரண்டு பாதியையும் உன் முன்னால் வைத்துவிட்டேன். எந்த இடத்தைப் பற்றி யார் சொன்னாலும் அவர் எந்த வாசல் வழியாகப் போய்ப் பார்த்தார் என்று கேட்டுக்கொள். இந்த வயதில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

இன்று காலையில் நடந்ததைச் சொன்னால் கடிதம் முடிந்துவிடும். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றேன். நீ இன்னும் எழுந்திருக்கவில்லை. உன் அம்மா கிணற்றடியில் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு இறைக்காமல் நின்றாள். என்ன என்று கேட்டேன்.

"அவ கோவிச்சுக்கிறது சரிதான" என்றாள். "எங்கப்பாவுக்கு அன்னைக்குப் பசி. எனக்கும் அன்னைக்குப் பசி. ஒரு அம்மா சிரிச்ச முகமாக் கூப்பிட்டாக, நானும் போய் உக்காந்து கை நனைச்சுப்புட்டேன். அவள ஒரு வார்த்த கேட்டேனா?"

நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"சனிக்கிழம வரைக்கும் நாள் இருக்குல்ல? ரெண்டு எடமும் இன்னும் இருக்குல்ல?"

"இருக்கு. கேட்டு, ஏரிக்கரைன்னு சொல்லிட்டா?"

"ஏரிக்கரைன்னா ஏரிக்கரை. நானும் கூடப் போவேன். பல்பப் போட வச்சு, தாழ்ப்பாளு அம்புட்டையும் மாட்ட வச்சுட்டுத்தான் இங்குட்டுத் திரும்புவேன். அந்த வார்டனம்மா என்னைய என்ன செஞ்சுருவாக?"

"சரி, நீயே அவகிட்டக் கேளேன்" என்றேன். பெரிய கேள்வி ஒன்றும் இல்லையே என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் வாளியைக் கிணற்றில் விட்டாள். கயிறு ஓடி முடிந்தது. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்குத் தெரியலைங்க. என்னைய யாரும் கேட்டதில்ல. எப்படிக் கேப்பாகன்னு எனக்குத் தெரியாது. நீங்க படிச்சவுக, நீங்களே கேளுங்க."

அதனால் கேட்கிறேன், தாயி. உன் அம்மாவுக்காகவும், அவளைக் கேட்காமலேயே கூட்டி வந்த எங்களுக்காகவும் கேட்கிறேன். இரண்டு வீட்டையும் பார்த்தாயிற்று. எந்த வீட்டிலும் இன்னும் நீ கை நனைக்கவில்லை. அவள் சாப்பிட்ட சாப்பாடு அவளோடு போகட்டும், அது உன்னைக் கட்டாது. உனக்கு எந்த வீடு வேண்டும்?

பதிலை என்னிடம் சொல்லாதே. இதைப் படித்து முடிக்கிற நேரத்துக்கு அவள் அடுப்படியில்தான் இருப்பாள். எழுந்து போய், "அம்மா" என்று கூப்பிட்டு, அவளிடம் சொல்.

உன் அப்பா